நேராக ஓடிய கடிகாரம்

எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் ஹாலில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. துணியில் எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டுப்போயிருக்கிறதா, எதுவானாலும் அம்பின் முனை அதைத் தொட்டு நிற்க வேண்டும். ஒட்டியவர்தான் அதை எடுக்கவும் வேண்டும். தப்பைச் சரிசெய்து கொண்டுவந்து காட்டி, ஒட்டியவருக்குத் திருப்தியான பிறகு அவர் கையாலேயே பிய்த்துப் போட வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, முதலாளியே ஆனாலும். சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஒரு காலத்தில் இன்னொருவர் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று நின்று கால் வீங்கியவர் அவர். இப்போது முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். அதில் ஒரு பொட்டுக் கறையை இதுவரை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் விடுகிற ஆளும் இல்லை நான்.

அந்த ஹாலுக்கு நான் சூப்பர்வைசர். வாய்த்துடுக்கு என்று ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுக்கப் போவதில்லை. இன்னொரு பெயர் ராக்கெட் அக்கா. அது வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த படங்களில் மாமியார் மருமகள் சண்டை வராது. ராக்கெட் வரும், ரோபோ வரும், நேற்றைக்குப் போய்விட்டு நாளைக்குத் திரும்புகிறவர்கள் வருவார்கள். இவையெல்லாம் கம்ப்யூட்டர் படித்த கண்ணாடிக்காரப் பையன்களுக்கான படங்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் குடியிருக்கிற ஒருத்தி இதையெல்லாம் சோறு தண்ணி இல்லாமல் பார்ப்பாள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

ஆரம்பித்து வைத்தது பிசிறு. கல்யாணமான புதிதில் கம்பெனியிலிருந்து பண்டல் பண்டலாக வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள். தைத்த பனியனில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டித் தர வேண்டும். கைக்கு முழு வேலை, கண்ணுக்குப் பாதி வேலை. மீதிக் கண்ணை டிவியில் வைத்திருப்பேன். மத்தியான சீரியல்களில் ஒரே அழுகை. அதைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் ஒரு நாள் பிசிறோடு துணியையும் வெட்டிவிட்டேன். ஆத்திரத்தில் சேனலை மாற்றினேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த வெள்ளைக்காரக் கேப்டன், "டேய், இன்ஜினை ஆஃப் பண்ணுடா, கஸ்மாலம்" என்று மெட்ராஸ் பாஷையில் கத்தினார். சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கப்பல் ஒரு கருந்துளைக்குள் போய்விட்டது. நான் கத்தரியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஒரு பண்டல்கூட முடியவில்லை.

அதன் பிறகு இந்த மாதிரிப் படம் எங்கே ஓடினாலும் நான் அங்கே இருப்பேன். முதலில் தமிழில் பேசிய படங்கள், போன் வந்த பிறகு கீழே எழுத்து ஓடுகிற படங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தே கொஞ்சம் இங்கிலீஷ் வந்துவிட்டது. கதையை ஒரு தடவை பார்ப்பேன். இரண்டாவது தடவை செக்கிங் பண்ணுவேன். விண்வெளிக்குப் போனவனின் இடது கையுறையில் கிழிசல் இருக்கும், அடுத்த காட்சியில் அது வலது கைக்கு மாறியிருக்கும். அவ்வளவு கோடி போட்டு எடுத்தவர்களுக்கு ஒரு செக்கிங்காரி கிடைக்கவில்லையா என்று வயிறு எரியும். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் படத்தை நிறுத்தி டிவி திரையிலேயே சிவப்பு அம்பை ஒட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பல்லடம் பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒட்டீட்டியா? நாளைக்கு அவனே நேர்ல வந்து மாத்திக் குடுப்பானாக்கும்."

அவருக்கு இந்தப் படங்கள் என்றாலே கேலி. படம் போட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ராக்கெட்டு, சத்தத்தக் கொறை" என்பார். கம்பெனி வரைக்கும் அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரே.

இருக்கிற படங்களிலேயே எனக்கு உயிர் ஒரு படம். தமிழில் அதற்குப் பேய்ப் படம் மாதிரி ஒரு தலைப்பு வைத்துக் கெடுத்திருந்தார்கள். கதை இதுதான். நிலாவில் ஒரு நிலையம். அதில் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பெண். அங்கே ஒரு அறைக்குள் மட்டும் நேரம் பின்னால் ஓடும். உள்ளே போனவர்களுக்குப் புத்தி குழம்பிவிடும், எப்போது வெளியே வர வேண்டும் என்று தெரியாது. இவள் என்ன செய்கிறாள், அந்த அறைச் சுவரில் பின்பக்கமாக ஓடும் முள்ளைச் சுற்றித் தன் கையாலேயே ஒரு கடிகாரம் வரைகிறாள். மேலே பன்னிரண்டு. அதற்கு வலப்பக்கம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று, அடுத்து பத்து, அடுத்து ஒன்பது. எண்ணெல்லாம் நேராகத்தான் இருக்கும், வரிசை மட்டும் திரும்பியிருக்கும். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவள் உயிரோடு வெளியே வருகிறாள். அது நேராக இருந்தால் அவளும் இல்லை, படமும் இல்லை. ஒரு பெண் வாயே திறக்காமல், பெயிண்ட் டப்பாவை எடுத்து, தனக்குத் தேவையான கடிகாரத்தைத் தானே போட்டுக்கொள்கிறாளே, அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். பதினோரு தடவை பார்த்திருக்கிறேன், பதினோரு தடவையும் வந்தது.

கம்பெனியில் இதைப் பேச எனக்கு ஒரே ஒரு ஆள்தான். என் மேசைக்கு எதிரில் நிற்கும் ஒடிசாக்காரப் பெண். அவள் அதே படத்தை ஹிந்தியில் பார்த்திருக்கிறாள். எனக்கு ஹிந்தி அரைகுறை, அவளுக்குத் தமிழ் அரைகுறை. பாதி கையாலும் பாதி வாயாலும் இரண்டு பேரும் நிலாவுக்குப் போய்த் திரும்பி வருவோம். மற்றவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றார்கள்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் ஒரு நாள் கலர் வித்தியாசம் என்று சொல்லித் தையல் லைனை நிறுத்தினேன். ஒரே பண்டலில் இரண்டு நீலம் என்று சாதித்தேன். கடைசியில் பார்த்தால் என் மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற வேறு லைட்டை மாட்டியிருக்கிறார்கள். கலர் பார்ப்பதற்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது, அதில் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறந்தது என் கொழுப்பு. அரை நாள் தையல் மெஷின்கள் சும்மா நின்றன. முதலாளி திட்டவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"இன்னொருக்கா காரணமில்லாம லைன் நின்னுச்சுங்கன்னா, அடுத்த நாள் நீங்க வர வேண்டாமுங்க அம்மிணி. ஊட்லயே இருந்துக்கலாமுங்க."

வீட்டுத் திண்டாட்டத்துக்கு நடுவே பிசிறு வெட்டியவள் இந்த மேசைக்கு வந்து சேரப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அது ஒரு வார்த்தையில் போய்விடும் என்று அன்றைக்குப் புரிந்தது. சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால்கூட மென்று விழுங்கிக்கொண்டு, இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் அம்பு ஒட்டினேன். அப்படி இருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

இந்த வருடம் அந்தப் பண்டல் வந்தது. வெட்டிய துணியில் முதலில் பிரிண்ட் போட்டு, எங்களிடம் செக்கிங்குக்கு வந்து, பிறகுதான் தையலுக்குப் போகும். கருநீலத் துணி, நெஞ்சில் வெள்ளைப் பிரிண்ட். மேல் துண்டை எடுத்து விரித்தேன். நிலா, நிலையம், கையில் பெயிண்ட் டப்பாவோடு அவள். என் படம். நான் பதினோரு தடவை அழுத படம் என் மேசை மேல் கிடக்கிறது. அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று.

எதிர் மேசையில் ஒடிசாக்காரப் பெண்ணும் ஒரு துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

"தீதி," என்றாள் மெதுவாக. "கடி சீதி ஹை."

அக்கா, கடிகாரம் நேராக இருக்கிறது என்கிறாள். உலகத்திலேயே கடிகாரம் நேராக இருக்கிறது என்று கவலைப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம்.

முதலாளி சொன்னது காதில் ஒலித்தது. பேசாமல் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் சுவரைப் பார்த்தபடி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாளே, அவளை மறுபடியும் பார்த்தேன். இந்தக் கடிகாரத்தை நம்பி உள்ளே போனால் அவள் செத்துப்போவாள். சிவப்பு அம்பை எடுத்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒட்டினேன். அடுத்த துண்டிலும் ஒட்டினேன். ஒடிசாக்காரப் பெண் அவள் மேசையில் ஒட்ட ஆரம்பித்தாள். பின்பக்க ஷெட்டுக்கு ஆள் அனுப்பிப் பிரிண்டிங்கை நிறுத்தச் சொன்னேன். துணி வராமல் தையல் லைனும் நின்றது.

முதலில் ஓடி வந்தது மெர்ச்சண்டைசர் பையன். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களோடு மெயிலில் பேசுவது அவன் வேலை.

"அக்கா, எதுக்குங்க்கா நிறுத்துனீங்க? கடிகாரத்த நான்தானுங்க்கா சரி பண்ணுனேன். அவங்க டிசைன்ல நம்பர் வரிசை தலைகீழா இருந்துச்சு. வரைஞ்சவன் தூக்கத்துல வரைஞ்சுட்டான். அவங்க சென்னை ஆபீஸ்ல கேட்டு, மாத்திக்கச் சொன்ன பொறகுதானுங்க மாத்துனேன்."

"அவங்க படம் பாத்தாங்களா கண்ணு?"

"எந்தப் படமுங்க?"

அங்கேயே எனக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் வெள்ளைச் சட்டை வாசலில் தெரிந்தது.

"என்னங்க அம்மிணி, லைன் நிக்குதுங்களாமா?"

"நான்தானுங்க நிறுத்தச் சொன்னேன்."

முதலாளி ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு. செரியாத்தானுங்களே இருக்குது."

"செரியா இருக்கறதுதானுங்க தப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. படத்தின் கதையைச் சொன்னேன், நின்ற வாக்கில், மூச்சு விடாமல். பையனிடம் அசல் டிசைனை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். பிரிண்டுக்கு ஸ்கிரீன் போடும்போது டிசைன் தாள் திரும்பியிருந்தால் எண்ணும் சேர்ந்து திரும்பியிருக்கும், அசல் டிசைனில் எண் நேராக இருந்து வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது, அப்படியானால் வரைந்தவன் தெரிந்துதான் வரைந்திருக்கிறான் என்றேன். போனில் அந்தக் காட்சியை ஓடவிட்டுக் காட்டினேன். கடிகாரம் முழுதாகத் தெரிவது இரண்டே விநாடி, அதுவும் இருட்டில். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே."

"அக்கா புடிச்ச முயலுக்கு மூணு காலுங்க" என்றான் மெர்ச்சண்டைசர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கழுத்திலிருந்த கம்பெனி கார்டைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

"நான் சொல்றது தப்பா இருந்துச்சுன்னா நாளைக்கு வர மாட்டேனுங்க. நீங்க வாய் தொறந்து சொல்ல வேண்டியதில்லீங்க."

முதலாளி கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் வரிசையாகக் கிடந்த சிவப்பு அம்புகளைப் பார்த்தார். அவற்றில் ஒன்றையும் அவர் தொடவில்லை.

"சென்னைக்கு வேண்டாம் கண்ணு. டிசைன் போட்டவனுக்கே நேரா மெயில் போடு. அசலு, நம்ம பிரிண்டு, ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. பதில் வர்ற மட்டும் மெஷின் நிக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கார்டு அங்கயே இருக்கட்டுங்க."

சொல்லிவிட்டுப் பல்லடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

டிசைன் போட்டவன் இருக்கிற வெளிநாட்டில் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மூடினேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவே நடந்ததைச் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன்.

"போனாப் போவுது. என்ற பஸ்ஸுல ஏறிக்க, நீ விசில் ஊது, நான் டிக்கெட் போடறேன்."

"வெளையாடாதீங்க. ஒருவேளை எனக்கே தப்பா ஞாபகம் இருந்துச்சுன்னா?"

"அதெப்படித் தப்பாகும்? பன்னெண்டுக்கு அடுத்து ஒண்ணு போடாம பதினொண்ணு போடுவா. பெயிண்டு அவ மூக்குல கூட ஒழுகும். நானுந்தான் பாத்தனே."

"நீங்க தூங்கீட்டல்ல இருந்தீங்க?"

"தூங்குனவனுக்குக் கண்ணு தொறக்காதா என்ன. பஸ் எடுத்தாச்சு, வெச்சுடறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் அத்தனை நாளும் படம் பார்த்திருக்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. டிபன் பாக்ஸைத் திறந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

மூன்று மணி வாக்கில் மெர்ச்சண்டைசர் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்குள் வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துத் தமிழில் சொன்னான். எந்தக் காரணத்துக்காகவும் கடிகாரத்தை மாற்றக் கூடாது. இந்தப் படத்தின் ரசிகர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பதே அதைத்தான். நேரான கடிகாரத்தோடு சரக்கு வந்திருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்போம். கடைசியில் ஒரு வரி. இதைக் கண்டுபிடித்தவர் யார், அவர் எத்தனை தடவை படம் பார்த்திருக்கிறார், நான் ஒன்பது தடவை என்று டிசைன் போட்டவன் எழுதியிருந்தான்.

"பதினொண்ணுன்னு போடு கண்ணு," என்றேன். "தமிழ்ல ஒருக்கா, மீதி இங்கிலீஷுலன்னும் சேத்துப் போடு."

ஹால் முழுக்கக் கைதட்டல். ஒடிசாக்காரப் பெண் மேசையைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்களைப் பைத்தியம் என்றவர்கள் எல்லாம் படத்தின் பெயரைக் கேட்டார்கள். மெர்ச்சண்டைசர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். "முயலுக்கு எத்தனை கால் கண்ணு?" என்று கேட்டேன். விடுவேனா. "நாலுங்க்கா" என்றான். முதலாளிக்கு அவன் போனில் சொன்னதற்கு "அப்படீங்களா" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாராம். எனக்கு அது சுருக்கென்றது. கார்டை எடுக்காமல், மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வேண்டுமானால் அவரே கொடுக்கட்டும்.

மறுநாள் காலை மணி அடித்து எல்லோரும் மேசைக்கு வந்த நேரத்தில் முதலாளி வந்தார். வழக்கம்போல வெள்ளைச் சட்டை. நேராக என் மேசைக்கு வந்து, கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு ஸ்டிக்கர் ரோலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"தப்பு எங்க இருந்துச்சோ அங்க ஒட்டுங்க அம்மிணி."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். மண்டையில் ஒட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்க மாட்டேன். அடக்கிக்கொண்டு சட்டைப் பைக்கு மேலே, அம்பு அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டினேன். அந்த அம்போடு அவர் தையல் லைனுக்குப் போனார், கட்டிங் மேசைக்குப் போனார், பின்பக்கப் பிரிண்டிங் ஷெட்டுக்குப் போனார். ஆடிட்டர் வந்தபோதும் அது இருந்தது. போகிற இடமெல்லாம் வேலை செய்கிற கைகள் நிற்பதைப் பார்க்க முடிந்தது. பத்தரை மணி டீக்கு ஹால் பக்கம் வந்தார்.

"எடுக்கலாமுங்களா?"

"சரி பண்ணிக் கொண்டாந்து காட்டலீங்களே."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். சட்டம் போட்டவருக்குச் சட்டம் தெரியும்.

சாப்பாட்டு மணி அடிக்கும்போது திரும்பி வந்தார். கையில் ஒரு தாள். பிரிண்டிங்குக்குப் போகும் ஒவ்வொரு டிசைனோடும் சேர்ந்து போகிற ஒப்புதல் தாள். அதில் இதுவரை மூன்று கையெழுத்துக்குத்தான் இடம் உண்டு, அவருடையது, மெர்ச்சண்டைசருடையது, பிரிண்டிங் மாஸ்டருடையது. இப்போது அவற்றுக்கெல்லாம் மேலே புதிதாக ஒரு கோடு அடித்து, செக்கிங் என்று அச்சடித்திருந்தது. என் கையெழுத்து விழாமல் எந்தப் படமும் இனிமேல் துணியில் ஏறாது. எழுத்து எழுத்தாக இரண்டு தடவை படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் சட்டையிலிருந்த அம்பை மெதுவாகப் பிய்த்து எடுத்தேன். பைக்குக் கீழே ஒரு நூல் பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்து அதையும் வெட்டிவிட்டேன்.